எழுவானுக்கும் படுவானுக்கும் நடுவில் ஒரு குடை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமுமாகக் கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் பெயரிட்டார்கள். சூரியன் எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. நான் எழுவான்கரையில் ஆரையம்பதியில் குடியிருந்துகொண்டு, படுவான்கரையில் விவசாயப் போதனாசிரியராக நெடுங்காலம் வேலை பார்த்தவன். காலையில் மேற்கே போவேன், மாலையில் கிழக்கே திரும்புவேன். போகும்போதும் சூரியன் என் முதுகுக்குப் பின்னால், வரும்போதும் முதுகுக்குப் பின்னால். இந்தச் சிறிய கணக்கை நான் முதன்முதலாகக் கவனித்தது 2012ஆம் ஆண்டு ஏப்ரலில், பின்கழுத்துத் தோல் உரிந்து, சட்டைக் கொலர் பட்டாலே எரியும் நிலையில் வீட்டில் குப்புறப் படுத்திருந்த நாட்களில்தான்.

அந்த வருடம் சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் வேலை தொடங்கியிருந்தது. சேற்று வயலில் இறங்கி ஏறுகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் எப்போதும் உண்டு. எனக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைச்சலும் வந்தபோது, நான் காட்டிய டொக்டர் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று கருதி, டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் ஏழு நாட்களுக்கு எழுதித் தந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் மருந்தைத் தவறாமல் குடித்துவிட்டு, மண்முனையில் பாதையேறி வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையொன்றில் (வயல்வெளியில்) காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை வரம்பில் நின்றேன். (மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது, அதுவரை எங்களுக்குப் பாதைதான் வழி. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடத்தும் தட்டையான படகை நாங்கள் பாதை என்போம்.) மருந்தைத் தந்த இடத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும் என்று சொன்னார்களே தவிர, வெயிலில் நிற்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. மருந்து உறையிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

மாலையில் கைகளின் புறப்பக்கம் அடுப்பங்கரையில் நெடுநேரம் நின்றதுபோல் கனன்றது. இரவில் எரிச்சல் தூங்கவிடவில்லை. மறுநாள் விடிந்தபோது மூக்கின் முதுகும் கன்னங்களும் காது மடல்களின் பின்பக்கமும் தடித்துச் சிவந்திருந்தன, பின்கழுத்தில் சிறு கொப்புளங்கள் எழுந்திருந்தன. என்னுடையது மாநிறத்துக்கும் சற்றுக் கறுத்த தோல். வெயிலில் நின்று எரிந்துபோவது வெள்ளைக்காரருக்கு மட்டும் வருகிற துன்பம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இரண்டாவதாகக் காட்டிய டொக்டர் என் கையைத் திருப்பி முன்கையின் உட்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். வாரின் கீழே, வாரின் அகலத்துக்கே, தோல் பழுதில்லாமல் இருந்தது. தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார் கிடந்த இடத்திலும் அதே கோடு. அரைக்கைச் சட்டை முடிகிற இடத்தில் கத்தியால் கீறியதுபோல் ஓர் எல்லை. அதன் பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

“என்ன மருந்து குடிக்கிறீங்க தம்பி?”

நான் சொன்னதும், “மருந்தும் பிழையில்லை, வெயிலும் புதுசில்லை, ரெண்டும் சேர்ந்ததுதான் இது” என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்கள் இரண்டு வகையாக நிலத்தை எட்டுகின்றன. 280 முதல் 315 நனோமீற்றர் வரையான அலைநீளமுடையது பி வகை. அதுவே தோலைச் சாதாரணமாகச் சுடுகிறது. 315 முதல் 400 வரையானது ஏ வகை. அது தோலில் இன்னும் ஆழமாக இறங்கும், மென்மேகத்தைக் கடக்கும், பஸ் யன்னல் கண்ணாடியையும் பெருமளவுக்குக் கடக்கும். டொக்சிசைக்கிளின் தோலில் இருக்கும்போது இந்த ஏ வகைக் கதிரை உறிஞ்சிக்கொண்டு பக்கத்திலுள்ள கலங்களைச் சிதைக்கிறது. கறுத்த தோலில் உள்ள நிறப்பொருள் நமக்குத் தருகிற இயற்கையான காப்பு, மருந்தினால் வரும் இந்தத் தாக்கத்தின் முன் போதாமல் போய்விடுகிறது. இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் ஹைட்ரோகுளோரோதயசைட், இதயத் துடிப்புக்காகக் கொடுக்கப்படும் அமியோடரோன், நுண்ணுயிர்த் தொற்றுக்கான சிப்ரொபுளொக்சசின் ஆகியவையும் சிலருக்கு இதே விதமாக வெயிலைத் தாங்க முடியாமற் செய்துவிடும்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக்கூடாது. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கி ஆளைக் கொன்றுவிடக்கூடிய நோய். விதைப்புக் காலத்தில் விவசாயிகளுக்குத் தடுப்பாகக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளினையும் நான் இன்றுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை. மருந்து தருகிறவரிடம், “இதைக் குடித்துவிட்டு வெயிலில் வேலை செய்யலாமா?” என்று கேளுங்கள் என்றுதான் என் கூட்டங்களில் சொல்லிவந்தேன். வயற்காரன் வெயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதால், அந்தக் கேள்வியோடு சேர்த்துக் குடையைப் பற்றியும் பேச வேண்டி வந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் என் மனைவியின் மடக்குக் குடையைக் கொண்டுபோய்ப் பாதையில் விரித்தேன். பாதையில் நின்றவர்களில் ஒருவர், “மழை எந்தப் பக்கத்தால வருது சேர்?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தைக்குக் கீரை கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர்தான், “வெயிலுக்குத்தானே மனே குடை வந்தது, மழைக்கு வாழையிலை காணும்” என்றார். அந்தச் சொல் என்னைப் பல வருடங்கள் தாங்கியது.

யோசித்துப் பார்த்தால், ஆண்கள் வெயிலுக்குக் குடை பிடிக்க வெட்கப்படுவது எங்கள் ஊரில் பழைய வழக்கமே இல்லை. என் சிறுவயதில் விதானையாரும் பரிகாரியாரும் வாத்தியாரும் கறுத்தக் குடையில்லாமல் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டார்கள். வரம்பில் போடியார் (பெரிய வயற்சொந்தக்காரர்) நடந்து வருவதைத் தூரத்திலேயே குடையை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். விரிக்காத நேரத்தில் அது முழங்கையில் கொளுவியிருக்கும், அல்லது சட்டைக் கொலரில் பின்பக்கமாகத் தொங்கும். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு ஆண்கள் குடையை வீட்டில் விட்டுவிட்டார்கள், கையில் வைத்திருந்த பெண்களுடையதாக அது ஆகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. யப்பானில் 2019ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சே, ஆண்களும் வெயிலுக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. கோடை வெப்பத்தில் ஆட்கள் விழுவதைக் கண்டு ஓர் அரசு அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், எட்டுப் பாகைக்குள் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் நாங்கள் வெட்கப்பட்டு நிற்பதில் எந்த நியாயமும் இல்லை.

குடை பிடிக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்தது பாதிப் பலன்தான். காரணம், மழைக்குப் பிடிப்பதுபோல நேராகத் தலைக்குமேல் பிடித்தேன். மழை மேலிருந்து விழுகிறது, வெயில் அப்படி விழுவதில்லை. காலை எட்டு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து முப்பது பாகை அளவில்தான் நிற்கும். அந்த நேரத்தில் நேராகப் பிடித்த குடையின் நிழல் எனக்கு முன்னால் சில அடி தள்ளி வரம்பில் தனியாக நடந்துபோகும். நான் முழு வெயிலில் அதன் பின்னால் நடப்பேன். இதை ஒரு நாள் என் நிழலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். குடையின் நிழல் வட்டமாகத் தரையில் கிடக்கிறது, அதற்குக் கீழே என் தோள்களும் முதுகும் தனி நிழலாகக் கிடக்கின்றன. தரையில் எந்த உறுப்பின் நிழல் குடை நிழலுக்கு வெளியே தெரிகிறதோ, அந்த உறுப்பில் வெயில் படுகிறது. குடையைத் தோளில் சாய்த்து, காம்பின் நுனி சூரியனை நோக்கும்படி திருப்பினேன். தலையின் நிழலும் கழுத்தின் நிழலும் குடை நிழலுக்குள் முழுகிப்போயின. அன்றிலிருந்து குடை விரித்தவுடன் மேலே பார்க்காமல் கீழே பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இவ்வளவு எழுதுவதில் ஒன்றே ஒன்றைத்தான் ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், இந்த ஒன்றை வைத்திருக்கட்டும்.

எங்கள் பகுதி ஏறத்தாழ வடக்கு 7.7 பாகையில் கிடப்பதால், சூரியன் வருடத்தில் இருமுறை எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. ஒருமுறை ஏப்ரல் மாதத்தில், சித்திரை பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னால். மற்றது செப்டெம்பர் மாதத்தின் முதல் நாட்களில். அந்த நாட்களில் நண்பகல் 12 மணியைச் சற்றுத் தாண்டியதும், நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அப்போது மட்டும் குடையை நேராகப் பிடிப்பது சரி, கால்கள் உட்பட முழு உடம்பும் நிழல் வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஜூன் மாதத்திலோ நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 16 பாகை விலகி நிற்கும். மார்கழியில் தெற்கே 31 பாகை விலகிவிடும். மார்கழி மத்தியானத்தில் தெற்கு நோக்கி நடப்பவர் குடையை முன்பக்கம் சரிக்காவிட்டால் முகம் காயும்.

எந்த நேரம் குடை கட்டாயம் என்பதற்கும் நிழலே அளவுகோல். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருந்தால் புறஊதாக் கதிர் கடுமையான நேரம் என்று கொள்ளலாம். ஏப்ரலில் எங்களுக்கு அது காலை 9 மணியளவில் தொடங்கிப் பிற்பகல் 3 மணியளவு வரை நீடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புறஊதாச் சுட்டெண்ணில் 3இலிருந்தே காப்புத் தேவை, 11இலிருந்து உச்ச அபாயம். எங்கள் ஏப்ரல் நண்பகல் மேகமற்ற நாட்களில் அந்த 11ஐத் தாண்டிவிடும். மென்மேகம் மூடிய நாளிலும் அந்தக் கதிரில் பெரும்பங்கு கீழே வந்துகொண்டேதான் இருக்கும். மப்பும் மந்தாரமுமான நாளில் வெக்கை குறைவாகத் தெரிவதால் குடையை மடக்கிவிடுகிறோம். என் தோல் இரண்டாம் தடவை கறுத்துப் புண்ணானது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

அடுத்ததாகக் குடைச்சீலை. 2013ஆம் ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சிலர் சாதாரண மழைக்குடைகள் இருபத்து மூன்றை வெயிலில் விரித்து, உள்ளே வரும் புறஊதாக் கதிரை அளந்தார்கள். மிக மோசமானதும் 77 சதவீதத்தைத் தடுத்தது. கறுப்புக் குடைகள் எல்லாம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் தடுத்தன. எங்கள் பழைய வாத்தியார்மாரின் கறுத்தக் குடை சரியான தெரிவு என்பது இதிலிருந்து புரிந்தது. ஆனால் கறுத்தச் சீலை வெயிலை உறிஞ்சித் தானும் சூடாகிவிடும், அரை மணி நேரத்தில் அந்தச் சூடு உச்சந்தலையில் தெரியும். ஆகவே வெளிப்புறம் வெள்ளிப் பூச்சும் உட்புறம் கறுப்பும் கொண்ட குடையே எனக்கு மிகவும் ஒத்துவந்தது. வெள்ளி வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. உட்புறக் கறுப்பு, தரையிலிருந்து மேலெழும் வெளிச்சத்தை உறிஞ்சி, அது திரும்ப முகத்தில் விழாமல் காக்கிறது. வெள்ளிப் பூச்சு உட்புறம் இருக்கும் குடையை வாங்கி ஏமாந்தவன் நான். தரை வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்கே வந்தது, கண் கூசியது. அதை மழைக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

கடையில் வாங்கும்போது கைபேசி விளக்கைச் சீலைக்கு மேலே பிடித்து உள்ளே இருந்து பாருங்கள். விளக்கின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அந்தக் குடை வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே இது காட்டும் என்றாலும், நெசவின் நெருக்கத்தை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ‘யுபிஎஃப் 50’ என்று அச்சிட்டிருந்தால், விழும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும் என்பது பொருள். அப்படிக் குறித்திருப்பதை எல்லாம் நம்பிவிட முடியாது என்பதால் விளக்குச் சோதனையை நான் விடுவதில்லை. பிள்ளைகளுக்காக விற்கப்படும், ஊடே தெரியும் பிளாஸ்ரிக் குடைகளை வெயிலுக்கு வாங்கவே வாங்காதீர்கள். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. அந்த நேரத்தில் நடந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு வேண்டியது உண்மையான நிழல்.

சீலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குடை தடுப்பது தன் வழியாக வருகிற கதிரைத்தான். பக்கங்களில் இருந்து வருவது வேறு கணக்கு. இதை நான் பாசிக்குடாக் கடற்கரையில் கற்றேன். ஒரு விடுமுறையில் என் அக்காவின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், மணலில் பெரிய குடையொன்றை நட்டு, அதற்குக் கீழேயே விளையாட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளும் சொல் கேட்டார்கள். அப்படியிருந்தும் வாழைச்சேனைக்குத் திரும்புமுன் சின்னவளின் கன்னங்கள் சிவந்து காய்ந்துவிட்டன. காற்றிலே சிதறிய புறஊதாக் கதிர் நீல வானம் முழுவதிலுமிருந்து வருகிறது என்பதும், அது நேரடி வெயிலில் வருவதற்கு ஏறக்குறைய நிகராகவே இருக்கக்கூடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. காய்ந்த மணல் தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவுக்குத் திருப்பி விடுகிறது, அலை நுரை 25 சதவீதம் அளவுக்கு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஏரிக் கரையொன்றில் மூன்றரை மணி நேரம் கரைக்குடையின் கீழ் மட்டும் இருந்தவர்களில் 78 சதவீதமானோருக்குத் தோல் எரிந்தது. குடை இல்லாமல் வெயில் காப்புக் களிம்பு பூசி இருந்தவர்களில் 25 சதவீதமானோருக்கு எரிந்தது.

இதனால் குடையை விட்டுவிட வேண்டும் என்று ஆகாது. குடைக்குக் கீழே நின்று நிமிர்ந்து, எவ்வளவு வானம் தெரிகிறது என்று பாருங்கள். தெரிகிற வானம் முழுவதும் கதிர் வருகிற வாசல். கைக்குடையைத் தலைக்கு நான்கு விரல் இடைவெளியில் தாழ்த்திப் பிடித்தால் அந்த வாசல் சிறுக்கிறது, கையை நீட்டி உயரத்தில் பிடித்தால் பெருக்கிறது. சுவரோரமாகவோ மரத்தோரமாகவோ நடந்தால் ஒரு பக்க வானம் மறைந்துவிடும். கடற்கரையிலும் வாவியோரத்திலும் குடையோடு நீளக்கைச் சட்டையும் வேண்டும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். கரைவலைக்காரர்களிலும் எங்கள் வயற்காரர்களிலும் பலருக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கறுப்பு விழியை நோக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். நீண்டகால வெயிலும் புறஊதாக் கதிரும் அதற்கு முக்கிய காரணம் என்று கண் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

காற்றைப் பற்றி எழுதாமல் எங்கள் ஊர்க் குடையைப் பற்றி எழுத முடியாது. தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. அதையே நாங்கள் கச்சான் காற்று என்கிறோம். ஆனி, ஆடி மாதங்களில் அது வீசும் நேரத்தில் உதடு வெடிக்கும், குடை பின்பக்கமாகப் புரண்டு கம்பி முறியும். கச்சானுக்கு எதிர்முகமாக நடக்கும்போது குடையை முன்னால் சரித்துக் காற்றைச் சீலையின் வெளிப்புறத்தில் வாங்க வேண்டும், உட்புறத்தில் காற்று புகுந்தால் குடை நிற்காது. சூரியன் ஒரு பக்கமும் காற்று மறுபக்கமும் இருந்தால் குடை பயன்படாது. அந்த நேரத்தில் மடக்கிவிட்டு, அகன்ற விளிம்புத் தொப்பியும் கழுத்தைச் சுற்றித் துவாயும்தான் கதி. உச்சியில் இரட்டைச் சீலை வைத்து நடுவே காற்றுப் போக வழிவிட்ட குடைகள் இப்போது கிடைக்கின்றன, விலை சற்றுக் கூடினாலும் கச்சானுக்கு அவை தாக்குப்பிடிக்கின்றன.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் குடை விரிக்கவே கூடாது. என் மனைவி ஒருமுறை பிள்ளைக்கு வெயில் படுகிறதே என்று கல்லடிப் பாலத்தில் குடையை விரித்தார். பாலத்தின் நடுப்பகுதியில் கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று குடையைப் பிடித்து இழுத்த இழுப்பில் முன்சில்லு ஒரு முழம் விலகியது. எதிரே வந்த பஸ்சின் சாரதி வேகத்தைக் குறைத்ததால்தான் நாங்கள் மூவரும் இன்று இருக்கிறோம். குடை வாவியில் விழுந்தது. அதைத் தேடவும் இல்லை, அதன் பிறகு எங்கள் வீட்டில் எவரும் ஓடும் வண்டியில் குடை விரிக்கவும் இல்லை. நீளக்கைச் சட்டையும், ஹெல்மெட்டுக்குக் கீழே பின்கழுத்தை மூடும் ஒரு சீலைத் துண்டும் வண்டிப் பயணத்துக்குப் போதும்.

இரண்டு கையாலும் வேலை செய்கிறவர்களுக்குக் குடை என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கச்சான் (நிலக்கடலை) தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் களை பிடுங்கும் பெண்கள் கணவனின் நீளக்கைச் சட்டையை மேலே மாட்டி, தலையில் துவாயைக் கட்டி, அதன்மேல் தொப்பி வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் குடையைத் திணிக்க எவராலும் முடியாது. ஆனால் வாடி (தோட்டக் குடில்) தொலைவில் இருக்கும் தோட்டங்களில் நாங்கள் செய்து பார்த்த ஒன்று பலன் தந்தது. வேலை நடக்கும் வரிசைக்குப் பக்கத்தில் பெரிய குடையொன்றை இரும்புக் குழாயில் சொருகி நட்டோம். தண்ணீர்க் குடமும் சாப்பாட்டுப் பெட்டியும் அதன் நிழலில் இருக்கும். அரை மணிக்கொருமுறை தண்ணீர் குடிக்க வருகிறவர் ஐந்து நிமிடம் அதன் கீழே குந்தியிருப்பார். வரிசை நகர நகரக் குடையும் நகரும். வாடி தூரமாக இருந்த காலத்தில், நடந்து போய்வரச் சோம்பித் தண்ணீர் குடிக்காமலே மத்தியானம் வரை வேலை செய்தவர்கள், நிழல் பக்கத்தில் வந்ததும் அடிக்கடி குடித்தார்கள். தலைச்சுற்று, கால் பிடிப்பு என்று வீட்டுக்குப் போனவர்கள் குறைந்தார்கள். குடை காற்றின் வெப்பத்தைக் குறைக்காது, நேரடி வெயிலின் சுமையை மட்டுமே இறக்கிவைக்கும். வியர்வையாகப் போன தண்ணீரைத் திருப்பிக் குடித்தே ஆக வேண்டும்.

அந்தக் குடத்தடியில் இன்னொன்றையும் கண்டேன். தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து கரைத்துக் குடித்துவிட்டுக் கை கழுவாமல் வெயிலுக்குத் திரும்பிய ஒருவருக்கு, இரண்டு நாட்களில் விரல்களிலும் மணிக்கட்டிலும் கறுத்த திட்டுகள் விழுந்தன. தேசிக்காய்ச் சாற்றிலுள்ள ஒரு பொருளும், ஏறத்தாழ என் மருந்தைப்போல, ஏ வகைக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வெயிலுக்குப் போனால் அது வராது.

என் உறவில் ஓர் இளம் பெண்ணுக்கு லூபஸ் என்ற நோய் இருப்பது சில வருடங்களுக்கு முன் தெரியவந்தது. அந்த நோயுள்ளவர்களில் பலருக்கு வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு எழும், மூட்டு நோவும் களைப்பும் கூடும், சிலருக்கு நோயே தீவிரமாகும். வெயிலில் போகாதே என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வேலைக்குப் போகாமல் எப்படி இருப்பாள்? அவளுக்கு நான் கற்றதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளியும் கறுப்புமான குடை, தரையில் நிழல் பார்ப்பது, பஸ்சில் வெயில் விழாத பக்கத்து இருக்கை, முகத்துக்கும் கைகளுக்கும் களிம்பு, நீளக்கைச் சட்டை. கல்முனை வீதியில் தெற்கே போகிற பஸ்சில் காலையில் வலப்பக்க யன்னலும், மாலையில் வடக்கே திரும்பும்போதும் வலப்பக்க யன்னலும் நிழலில் இருக்கும் என்பதை ஒரு தாளில் படம் கீறிக் காட்டினேன். அந்தத் தாளை அவள் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள்.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். கையில் இருப்பது எட்டுக் கம்பிக் குடை, ஐந்தாவது வருடம். மடக்கும்போது சீலை மடிகிற கோடுகளில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து, விரித்துச் சூரியனுக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள்போல ஒளி தெரிகிறது. நனைந்த குடையை மடக்கி வைத்ததால் இரண்டு கம்பிகளின் மூட்டில் துருவும் பிடித்திருக்கிறது. உலர்த்தி மடக்கியிருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும். நகரத்தில் நடைபாதையில் இருந்து குடை திருத்துகிறவரிடம் போன கிழமை காட்டினேன். கம்பி முனையின் சிறு குமிழைத் தைக்கும் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, குடையை ஒருமுறை விரித்து வானத்துக்குக் காட்டிப் பார்த்தார்.

“கம்பி நல்லா இருக்கு அண்ணன், சீலைதான் போயிட்டு. எப்ப வேணும்?”

சித்திரைக்கு முன் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.